மின்சாரத்தை விற்கலாம், நதியின் நேரத்தை விற்கலாமா?

சிவசமுத்திரம் முதல் மேகதாது வரை ஒரு நூற்றாண்டுக் கணக்கு

புதுதில்லி: தென்மேற்குப் பருவமழை தீவிரமடையும் ஒவ்வோர் ஆண்டும் தமிழகச் செய்தித்தாள்களில் முதலில் அடிபடும் கர்நாடக அணையின் பெயர் பெரும்பாலும் கபினிதான். கேரளத்தின் வயநாட்டில் பெய்யும் மழை நேராக வந்து சேரும் அணை அது. கொள்ளளவு 19.52 டிஎம்சி மட்டுமே என்பதால் விரைவில் நிரம்பிவிடும். உபரி நீர் திறக்கப்பட்டதும் அது மைசூரு மாவட்டத்தின் நஞ்சன்கூடு நகரை ஒட்டி ஓடி, திருமகூடலு நரசிபுரத்தில் காவிரியுடன் கலக்கிறது. பின்னர் சிவசமுத்திரத்தில் அருவியாக விழுந்து, பிலிகுண்டுலு அளவை நிலையத்தைக் கடந்து மேட்டூரை அடைகிறது.

தமிழக விவசாயி இந்தப் பயணத்தைக் கன அடிகளில் கணக்கிடுகிறார். ஆனால் அதே நீரைக் கிலோவாட்டில் கணக்கிடும் இன்னொரு தரப்பும் நூறாண்டுகளுக்கு மேலாக இருந்து வருகிறது. காவிரிப் பிரச்சினை என்றாலே பாசனம், குடிநீர் என்ற இரண்டு சொற்களில் விவாதம் முடிந்துவிடுகிறது. மின்சாரம் என்ற மூன்றாவது சொல் அடிக்குறிப்பாகவே நின்றுவிடுகிறது. உண்மையில், காவிரிப் பிணக்கின் தொடக்கத்தில் இருந்தது தொலைவில் உள்ள ஒரு வாடிக்கையாளருக்கு விற்கப்பட்ட மின்சாரமே.

பூடானிலும் நேபாளத்திலும் நீர்மின் நிலையங்களை எழுப்பி, அண்டை நாடுகளுக்கு மின்சாரம் விற்கும் திட்டங்கள் தில்லியின் வெளியுறவுக் கொள்கையில் முக்கிய இடம் பெற்றுள்ளன. அத்தகைய திட்டங்களின் லாப நட்டத்தை எடைபோட விரும்புவோர் இமயமலைக்குச் செல்லும் முன் கபினி, காவிரிக் கரைகளைத் திரும்பிப் பார்ப்பது நல்லது.

தங்கத்துக்குப் போன மின்சாரம்

1902 ஜூன் மாத இறுதியில் சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து கோலார் தங்க வயலுக்கு மின்சாரம் பாய்ந்தது. இடைத்தூரம் 92 மைல், அதாவது சுமார் 148 கிலோமீட்டர். உயரழுத்த மின்பாதை என்பதே புதுமையாக இருந்த அக்காலத்தில் உலகின் மிக நீண்ட மின்பாதைகளுள் ஒன்றாக அது பேசப்பட்டது. மைசூர் சமஸ்தானத்தின் திவானாக இருந்த சேஷாத்ரி ஐயர் இத்திட்டத்துக்கு ஆதரவாக நின்றார். ராணுவப் பொறியாளர் ஜோலி டி லாட்பினியர் அதை வடிவமைத்து நிறைவேற்றினார். திட்டம் நிறைவேறுவதைக் காணாமலே 1901-இல் சேஷாத்ரி ஐயர் மறைந்தார்.

மின்சாரம் சமஸ்தான எல்லையைத் தாண்டவில்லை. எனினும் பொருளாதார நோக்கில் அது ஓர் ஏற்றுமதித் திட்டமே. வாங்கியவர்கள் லண்டனிலிருந்து நிர்வகிக்கப்பட்ட சுரங்க நிறுவனங்கள். வெட்டியெடுக்கப்பட்ட தங்கமும் கடல் கடந்தே சென்றது. சுரங்கத்தின் ஆழத்தில் உழைத்தவர்களில் பெரும்பகுதியினர் தமிழ் மாவட்டங்களிலிருந்து சென்ற கூலித் தொழிலாளர்கள். நதியின் கரையில் இருந்த கிராமங்களுக்கு அந்த மின்சாரம் அப்போது சென்று சேரவில்லை. பெங்களூருக்கு 1905-இலும் மைசூர் நகருக்கு 1908-இலும்தான் மின்விளக்கு வந்தது. நதி ஓடும் ஊரைவிடப் பணம் தரும் ஊருக்கே மின்சாரம் முதலில் செல்லும் என்ற விதி அன்றே எழுதப்பட்டுவிட்டது.

அந்த நாளில் சிவசமுத்திரத்தின் கிழக்குக் கரையில் இருந்த கொள்ளேகால் வட்டம் சென்னை மாகாணத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது என்பதும் குறிப்பிடத்தக்கது. 1956-இல் மொழிவழி மாநிலச் சீரமைப்பின்போதுதான் அது மைசூருடன் இணைந்தது. ஆசியாவின் தொடக்ககால நீர்மின் நிலையங்களுள் ஒன்றான சிவசமுத்திரம், இரு அரசுகளின் எல்லையில் ஓடிய நதியில்தான் பிறந்தது.

வாக்குக் கொடுத்த மின்சாரம், வற்றிய நதி

சிவசமுத்திரத்தில் அப்போது பெரிய தேக்கம் எதுவும் இல்லை. ஓடி வரும் நீரைத் திருப்பிச் சுழலிகளில் விழச் செய்வதே முறை. மழைக்காலத்தில் நதி பெருகும், கோடையில் மெலியும். ஆனால் சுரங்கத்தின் நீர் இறைப்பு எந்திரங்களும் காற்றூட்டிகளும் கோடையென்று பார்த்து நிற்பதில்லை. ஆண்டு முழுவதும் ஒரே அளவில் மின்சாரம் தருவதாக ஒப்புக்கொண்டவருக்கு ஆண்டு முழுவதும் ஒரே அளவில் ஓடும் நதி தேவைப்படுகிறது. அப்படி ஒரு நதி தென்னிந்தியாவில் இல்லை. எனவே அதைச் செயற்கையாக உருவாக்க வேண்டியிருந்தது.

அதற்கான விடைதான் கண்ணம்பாடி அணை என்று தமிழக மக்கள் அழைத்த கிருஷ்ணராஜ சாகர். சிவசமுத்திரத்துக்குக் கோடையிலும் நீர் உறுதி செய்வது, மண்டியா பகுதிக்குப் பாசனம் அளிப்பது என்ற இரண்டு நோக்கங்களுடன் அத்திட்டம் முன்வைக்கப்பட்டது. மைசூரின் தலைமைப் பொறியாளராகவும் பின்னர் திவானாகவும் இருந்த விசுவேசுவரய்யா அதை முன்னின்று நடத்தினார். 1910-இல் 41.5 டிஎம்சி கொள்ளளவுக்கு மைசூர் ஒப்புதல் கேட்டது. 1892 ஒப்பந்தப்படி புதிய அணைக்குச் சென்னையின் இசைவு தேவை. மேட்டூரில் தனக்கென ஒரு பெரிய தேக்கம் அமைக்கத் திட்டமிட்டிருந்த சென்னை மாகாணம் மறுத்தது. இந்திய அரசு 11 டிஎம்சி அளவுக்கு மட்டும் அனுமதித்தது. ஆனால் மைசூர் அரசு பெரிய அணைக்குரிய அடித்தளத்தையே இட்டது.

விவகாரம் நடுவர் விசாரணைக்குச் சென்றது. நீதிபதி கிரிஃபின் 1914-இல் அளித்த தீர்ப்பைச் சென்னை ஏற்கவில்லை. பத்தாண்டு இழுபறிக்குப் பிறகு 1924 பிப்ரவரி 18-ஆம் தேதி புகழ்பெற்ற காவிரி ஒப்பந்தம் கையெழுத்தானது. மைசூருக்குக் கிருஷ்ணராஜ சாகர், சென்னைக்கு 93.5 டிஎம்சி கொள்ளளவு கொண்ட மேட்டூர் அணை என்று உடன்பாடு ஏற்பட்டது. அந்த ஒப்பந்தத்தின் சில விதிகளை 50 ஆண்டுகளுக்குப் பின் மறுபரிசீலனை செய்யலாம் என்ற ஷரத்து 1974-க்குப் பிறகு எழுந்த வழக்குகளுக்கெல்லாம் வாசல் திறந்துவிட்டது.

இந்த வரலாற்றின் கண்ணிகளைக் கோத்துப் பார்த்தால் ஒரு வரிசை தெளிவாகிறது. தூரத்து வாடிக்கையாளருக்கு மின்சாரம் விற்கப்பட்டது. அந்த விற்பனைக்கு உறுதியான அளவு வேண்டியிருந்தது. உறுதியான அளவுக்குத் தேக்கம் வேண்டியிருந்தது. தேக்கம் கட்ட முனைந்தபோது கீழ்ப்பாசன மாகாணத்துடன் மோதல் பிறந்தது. மின்சார ஒப்பந்தம் எழுதப்பட்ட மேசையில் தஞ்சை விவசாயிக்கு இடமில்லை. ஆனால் அதன் விளைவைச் சுமந்தவர்களில் அவரும் ஒருவர். கோலார் சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்டன. அவற்றுக்காகத் தொடங்கிய வழக்கோ இன்னும் முடியவில்லை.

நஞ்சன்கூட்டின் கணக்கு

நதிக்கரை ஊர்கள் இந்த வரவு செலவில் எங்கே நிற்கின்றன என்பதற்கு நஞ்சன்கூடு ஓர் எடுத்துக்காட்டு. ஸ்ரீகண்டேசுவரர் கோயிலாலும் ரசபாளை வாழைப்பழத்தாலும் பெயர் பெற்ற இவ்வூர் இன்று மைசூரு மாவட்டத்தின் முக்கியத் தொழிற்பேட்டைகளுள் ஒன்றாகவும் விளங்குகிறது. ஹுல்லஹள்ளி, ராம்புரா ஆகிய பழைய கால்வாய்கள் கபினி நீரை இப்பகுதி வயல்களுக்குக் கொண்டு செல்கின்றன. ஊருக்கு மேலே, ஹெக்கடதேவனகோட்டை வட்டத்தில், 1974-இல் கட்டி முடிக்கப்பட்ட கபினி அணை நிற்கிறது. அணையின் அடியில் தனியார் நிறுவனம் நடத்தும் 20 மெகாவாட் திறனுள்ள நீர்மின் நிலையம் இயங்குகிறது.

இன்னும் மேலே சென்றால் வேறொரு காட்சி. வயநாட்டில் கபினியின் துணையாறு ஒன்றின் குறுக்கே கேரள மின்வாரியம் பாணாசுர சாகர் அணையைக் கட்டியுள்ளது. அங்குத் தேங்கும் நீரின் ஒரு பகுதி சுரங்கப்பாதை வழியே மேற்கே திருப்பப்பட்டு, கக்கயம் நீர்த்தேக்கத்தின் மூலம் குற்றியாடி மின் நிலையத்துக்குச் செல்கிறது. அந்நிலையத்தின் திறன் 225 மெகாவாட். மின்சாரம் தந்தபின் அந்த நீர் அரபிக் கடலை நோக்கிப் போகிறது. கிழக்கு நோக்கி ஓடிவந்து நஞ்சன்கூட்டையும் மேட்டூரையும் தொட வேண்டிய நீர் அது. நீர்மின்சாரம் நீரைச் செலவழிப்பதில்லை, சுழலியைச் சுற்றிவிட்டு நதியிலேயே விட்டுவிடுகிறது என்ற பொதுவான வாதம் இங்கே பொருந்தாது. எந்தப் பக்கம் விடுகிறது என்பதும் கேள்விதான். காவிரி நடுவர் மன்றம் கபினிப் படுகையில் கேரளத்துக்கு 21 டிஎம்சி ஒதுக்கியிருப்பதால் சட்டப்படி அதற்கு ஒரு வரம்பு உண்டு என்பது மட்டுமே ஆறுதல்.

மழை மிகும் ஆண்டுகளில் நஞ்சன்கூடு வேறு வகையில் விலை கொடுக்கிறது. 2018-லும் 2019-லும் வயநாட்டில் கனமழை கொட்டியபோது மேலணைகள் நிரம்பி, கபினியில் பெருமளவு நீர் திறந்துவிடப்பட்டது. 2019 ஆகஸ்டில் திறப்பு 1 லட்சம் கன அடியைத் தாண்டியது. நஞ்சன்கூட்டின் ஆற்றங்கரைப் பகுதிகள் நீரில் மூழ்கின. மைசூரு – உதகை நெடுஞ்சாலையில் மல்லனமூலே மடத்தருகே வெள்ளம் சூழ்ந்து போக்குவரத்து நின்றது.

வெள்ளத்தைத் தாங்க வேண்டுமானால் மழைக்காலத் தொடக்கத்தில் அணையில் வெற்றிடம் இருக்க வேண்டும். மின்சாரத்துக்கும் பாசனத்துக்கும் வேண்டுமானால் அணை நிறைந்திருக்க வேண்டும். இரண்டும் ஒரே அணையில் ஒரே வாரத்தில் இயலாது. எதைத் தேர்ந்தெடுப்பது என்ற முடிவு மதகடியில் எடுக்கப்படுகிறது. அதன் விளைவு கீழே உள்ள ஊரில் தெரிகிறது. மின்சாரம் மின்தொகுப்புக்குப் போய்விடுகிறது. வெள்ளம் மட்டும் உள்ளூரிலேயே தங்கிவிடுகிறது.

இரண்டு பட்டியல்கள், ஒரு நதி

இந்த முரண்பாட்டுக்கு அரசமைப்புச் சட்டத்திலேயே வேர் உண்டு. ஏழாவது அட்டவணையின்படி நீர், நீர்த்தேக்கம், நீர்விசை ஆகியவை மாநிலப் பட்டியலில் 17-ஆவது இனம். மின்சாரம் பொதுப் பட்டியலில் 38-ஆவது இனம். மாநிலங்களுக்கிடையேயான நதிகளை ஒழுங்குபடுத்துவது மத்தியப் பட்டியலில் 56-ஆவது இனம். அணையில் தேங்கும்வரை அது மாநிலத்தின் நீர். சுழலியைக் கடந்ததும் அது நாடு முழுவதற்குமான சரக்கு. எல்லையைக் கடந்ததும் அது வழக்கு.

2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் மின்சாரத்தை எவரும் எவருக்கும் விற்கலாம் என்ற நிலையை உருவாக்கியது. 2013 டிசம்பர் 31-இல் ராய்ச்சூர் – சோலாப்பூர் மின்பாதை மூலம் தென்மண்டல மின்தொகுப்பு நாட்டின் பிற பகுதிகளுடன் இணைக்கப்பட்டது. அதன்பின் காவிரியில் பிறக்கும் ஒரு யூனிட் மின்சாரத்தின் வாடிக்கையாளர் கோலாரில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மின் சந்தை வழியே அது எங்கும் விற்பனையாகலாம்.

இத்துடன் சூரிய மின்சாரத்தின் வளர்ச்சியும் சேர்ந்துகொண்டது. கர்நாடகத்தின் பாவகடாவில் மட்டும் சுமார் 2,000 மெகாவாட் திறனுள்ள சூரிய மின் பூங்கா உள்ளது. நண்பகலில் மின்சாரம் மலிந்து, சூரியன் மறைந்தபின் பற்றாக்குறை ஏற்படுகிறது. அந்த மாலை நேரத்தில் பொத்தானை அழுத்திய சில நிமிடங்களில் மின்சாரம் தரக்கூடியது நீர்மின் நிலையமே. ஆகவே தேக்கி வைத்த நீரின் விலை உயர்ந்துள்ளது. ஆனால் அந்த விலை நீருக்கு அல்ல, நேரத்துக்குத் தரப்படுகிறது. பகலில் பூட்டி, மாலையில் திறக்கும் நதிக்குச் சந்தையில் மதிப்பு அதிகம். வயலுக்கும் குடிநீர்த் திட்டத்துக்கும் பரிசல் ஓட்டிக்கும் அந்த நதி உதவாது.

எல்லையில் நின்ற நான்கு திட்டங்கள்

கர்நாடக – தமிழக எல்லைப் பகுதியில் காவிரியின் சரிவைப் பயன்படுத்தி நான்கு நீர்மின் திட்டங்களைத் தேசிய நீர்மின் கழகத்தின் மூலம் நிறைவேற்றும் யோசனை தில்லியில் பல ஆண்டுகள் பேசப்பட்டது. சிவசமுத்திரம் 270, மேகதாது 400, ராசிமணல் 360, ஒகேனக்கல் 120 மெகாவாட் என மொத்தம் 1,150 மெகாவாட். மத்திய அரசு நிறுவனம் கட்டி நடத்தும். மின்சாரத்தை இரு மாநிலங்களும் பகிர்ந்துகொள்ளும் என்பதே அடிப்படை. நான்கையும் ஒரே தொகுப்பாக நிறைவேற்ற வேண்டும் என்பது தமிழகத்தின் நிலை. தன் எல்லைக்குள் வரும் சிவசமுத்திரத்தையும் மேகதாதுவையும் தானே கட்டிக்கொள்ள வேண்டும் என்பது கர்நாடகத்தின் நிலை. பேச்சு முறிந்தது.

மேலோட்டமாகப் பார்த்தால் இது மெகாவாட் பங்கீட்டுச் சண்டை. ஆழத்தில் அது மதகின் சாவி யார் கையில் என்ற கேள்வி. மத்திய நிறுவனத்திடம் சாவி இருந்தால் இரு மாநிலங்களும் கேள்வி கேட்கலாம். ஒரு மாநிலத்திடம் மட்டும் இருந்தால் மற்றது நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும்.

2007 பிப்ரவரி 5-இல் இறுதித் தீர்ப்பளித்த நடுவர் மன்றம் இந்த ஆபத்தை உணர்ந்தே இருந்தது. நீர்மின் திட்டம் எதுவும் கட்டப்பட்டு நீர் தேக்கப்படுமானால், கீழ்நோக்கி விடும் நீரின் முறை தன் உத்தரவுக்கு இசைவாக, பாசனத் தேவை பாதிக்கப்படாத வகையில் இருக்க வேண்டும் என்று அது தெளிவுபடுத்தியது. 2018 பிப்ரவரி 16-இல் உச்ச நீதிமன்றம் தமிழகத்தின் பங்கை 404.25 டிஎம்சியாகக் குறைத்தது. பிலிகுண்டுலுவில் ஆண்டுக்கு 177.25 டிஎம்சி கிடைக்க வேண்டும் என்றும் நிர்ணயித்தது.

இதில் கவனிக்க வேண்டியது மொத்த அளவைவிட மாத அட்டவணையைத்தான். ஜூனில் 9.19, ஜூலையில் 31.24, ஆகஸ்டில் 45.95, செப்டம்பரில் 36.76, அக்டோபரில் 20.22 டிஎம்சி என்று அது ஏறி இறங்கிச் செல்கிறது. குறுவை நடவிலிருந்து சம்பாவின் வளர்ச்சிப் பருவம் வரை டெல்டாவின் தேவையைப் பின்பற்றும் நாட்காட்டி அது. பிப்ரவரி முதல் மே வரை மாதம் 2.5 டிஎம்சி மட்டுமே. மின் நிலையத்துக்குப் பிடித்த நாட்காட்டி இதற்கு நேர்மாறானது: ஆகஸ்டில் தேக்கி, தேவை ஏறும் கோடையில் திறப்பது.

கர்நாடகம் இப்போது முன்வைக்கும் மேகதாது திட்டத்தின் கொள்ளளவு 67.16 டிஎம்சி, மின்திறன் 400 மெகாவாட். 49.45 டிஎம்சி கொண்ட கிருஷ்ணராஜ சாகரைவிட இது பெரியது. பெங்களூரு குடிநீர் என்பதே முதன்மை நோக்கம், புதிய பாசனம் இல்லை, தமிழகத்துக்குரிய நீர் தடையின்றிச் செல்லும் என்று கர்நாடகம் கூறுகிறது. பெங்களூருக்காக உச்ச நீதிமன்றம் கூடுதலாக அளித்தது 4.75 டிஎம்சி. அதற்கு 67 டிஎம்சி தேக்கம் எதற்கு என்பது தமிழகத்தின் கேள்வி. கபினிக்கும் கிருஷ்ணராஜ சாகருக்கும் கீழே பெய்யும் மழை இப்போது எவர் கட்டுப்பாடும் இன்றி பிலிகுண்டுலுவை அடைகிறது. மேகதாது வந்தால் அந்தக் கடைசிச் சுதந்திர ஓட்டமும் மதகுக்குள் வந்துவிடும் என்ற அச்சத்தைப் புறந்தள்ள முடியாது. காவிரி வனவிலங்குச் சரணாலயப் பகுதியில் ஏறத்தாழ 5,000 ஹெக்டேர் நிலம் நீரில் மூழ்கும் என்பது மற்றொரு விலை. அணைக்குச் சற்றுக் கீழேதான் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கான ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் நீர் எடுக்கிறது.

விரிவான திட்ட அறிக்கை தயாரிக்க மத்திய நீர் ஆணையம் 2018 நவம்பரில் அனுமதித்தது. அதை எதிர்த்த தமிழகத்தின் மனுவை, உரிய காலத்துக்கு முன் வந்தது எனக் கூறி உச்ச நீதிமன்றம் 2025 நவம்பரில் முடித்துவைத்தது. காவிரி மேலாண்மை ஆணையம் உள்ளிட்ட வல்லுநர் அமைப்புகளின் கருத்து பெறப்பட்ட பின்னரே முடிவு என்ற நிலையில் விவகாரம் தில்லிக்கு வந்து நிற்கிறது.

இமயமலையில் அதே பாடம்

இதே கணக்கு இப்போது நாடுகளுக்கிடையே நடக்கிறது. பூடானில் இந்திய உதவியுடன் 336 மெகாவாட் சுக்கா மின் நிலையம் 1986-இல் இயங்கத் தொடங்கியது. செலவில் 60 சதவீதம் மானியம், 40 சதவீதம் கடன். உபரி மின்சாரத்தை இந்தியா வாங்கிக்கொள்ளும். சிறிய மலைநாட்டுக்கு அது பெரிய வருவாயைத் தந்தது. 1,020 மெகாவாட் தாலா திட்டத்துக்கும் அதே விகிதம். பின்வந்த மாங்தேச்சு திட்டத்தில் மானியம் 30 சதவீதமாகக் குறைந்து கடன் 70 சதவீதமாக உயர்ந்தது. 1,200 மெகாவாட் புனாத்சாங்சு முதல் திட்டம் 2013-இல் மலைச்சரிவு நகர்ந்ததால் ஆண்டுக்கணக்கில் பின்தங்கியது. சுழலி சுற்றாவிட்டாலும் வட்டி சுற்றிக்கொண்டே இருக்கிறது.

மழைக்காலத்தில் மின்சாரம் விற்கும் பூடானும் நேபாளமும் பனிக்கால வறட்சியில் இந்தியாவிடமிருந்து மின்சாரம் வாங்குகின்றன. விற்கும்போது சந்தையில் வரத்து அதிகம். வாங்கும்போது தேவை அதிகம். எனவே பெரிய தேக்கம் கட்டி ஆண்டு முழுவதும் விற்கலாம் என்ற ஆசை அங்கும் எழுகிறது. சிவசமுத்திரத்திலிருந்து கண்ணம்பாடிக்குச் சென்ற அதே பாதை அது.

அரசியலும் பின்தங்கவில்லை. நேபாளத்திலிருந்து 10 ஆண்டுகளில் 10,000 மெகாவாட் வாங்க 2024 ஜனவரியில் இந்தியா உடன்பாடு செய்துகொண்டது. ஆனால் இந்தியாவுடன் நில எல்லை கொண்டு, மின்துறை ஒப்பந்தம் இல்லாத நாட்டு நிறுவனங்களின் பங்கு இருக்கும் மின் நிலையங்களிலிருந்து மின்சாரம் வாங்குவதில்லை என்பது தில்லியின் விதி. அது சீனாவைக் குறிவைத்தது என்பது வெளிப்படை. வாங்குபவர் ஒருவரே என்னும்போது எந்த நதியில் யார் அணை கட்டலாம் என்பதையும் அவரே தீர்மானிக்கிறார்.

எனினும் கவனத்துக்குரிய ஒரு மாற்றுவழியும் அங்கிருந்தே வந்துள்ளது. 2024 அக்டோபரில் நேபாளம், இந்தியா, வங்கதேசம் ஆகிய மூன்றும் கையெழுத்திட்ட ஒப்பந்தப்படி நேபாளம் 40 மெகாவாட் மின்சாரத்தை இந்திய மின்பாதை வழியே வங்கதேசத்துக்கு விற்கிறது. காலம் ஆண்டுதோறும் ஜூன் 15 முதல் நவம்பர் 15 வரை, ஐந்து மாதங்கள் மட்டும். அளவு மிகச் சிறியது. ஆனால் நதி பெருகும் காலத்தில் மட்டும் விற்பது என்று ஒப்பந்தத்தை நதிக்கேற்ப வளைத்திருக்கிறார்கள். கோலார் ஒப்பந்தத்தில் நதியை ஒப்பந்தத்துக்கேற்ப வளைக்க வேண்டியிருந்தது.

மறுபக்கத்தில் மீகாங் நதி நிற்கிறது. லாவோஸ் நாட்டில் 2019-இல் இயங்கத் தொடங்கிய 1,285 மெகாவாட் சையபுரி அணையின் மின்சாரத்தில் 95 சதவீதம் தாய்லாந்துக்குச் செல்கிறது. கீழே கம்போடியாவின் மீனவர்களும் வியட்நாமின் டெல்டா நெல் விவசாயிகளும் உள்ளனர். 1995 மீகாங் உடன்பாடு அவர்களுக்குக் கலந்தாலோசிக்கும் உரிமையைத் தருகிறது. தடுக்கும் உரிமையைத் தரவில்லை. விற்பவரும் வாங்குபவரும் ஒப்பந்தத்தில் இருக்க, நதியின் கடைமடை வெளியே நிற்பது காவிரிக்கு மட்டும் நேர்ந்த விதி அல்ல.

மேட்டூர் சொல்லும் பதில்

இதனால் நீர்மின்சாரமே கூடாது என்று முடிவு கட்ட வேண்டியதில்லை. எரிபொருள் செலவு இல்லாத, புகை இல்லாத மின்சாரம் அது. மேட்டூரே அதற்குச் சான்று. அணை மின் நிலையத்தில் 50, சுரங்க மின் நிலையத்தில் 200 என 250 மெகாவாட் திறன் அங்கு உள்ளது. அதற்குக் கீழே ஆற்றில் 30 மெகாவாட் வீதம் பல கதவணை மின் நிலையங்கள் இயங்குகின்றன. பாசனத்துக்காகத் திறக்கும் நீரே ஒவ்வொரு படியிலும் சுழலியைச் சுற்றிவிட்டு டெல்டாவுக்குப் போகிறது. அங்கே மின்சாரம் பாசனத்தின் பின்னே நடக்கிறது. மேட்டூர் மூடியிருக்கும் மாதங்களில் மின் உற்பத்தி சரிவது அந்த ஏற்பாட்டின் விலை. தமிழகம் அந்த விலையைப் பல பத்தாண்டுகளாகக் கொடுத்து வருகிறது.

நீர்மின் திட்டம் அமையும் மாநிலத்துக்கு 12 சதவீத மின்சாரம் இலவசம் என்பது மத்திய அரசின் கொள்கை. 2008 நீர்மின் கொள்கை உள்ளூர் வளர்ச்சி நிதிக்கென மேலும் 1 சதவீதத்தைச் சேர்த்தது. அணைக்காக நிலம் இழந்தவருக்கு இதில் ஏதோ ஒரு பங்கு உண்டு. அணைக்குக் கீழே வெள்ளத்தையும் வறட்சியையும் ஏற்கும் நஞ்சன்கூடு போன்ற ஊருக்கும், எல்லைக்கு அப்பால் உள்ள விவசாயிக்கும் இந்தக் கணக்கில் ஒரு வரிகூட இல்லை. பங்கு கேட்பதைவிட முக்கியமானது, நீர் திறக்கும் நேரத்தைத் தீர்மானிப்பதில் அவர்களுக்கு உள்ள இடம்.

மேகதாது அறிக்கை மத்திய நீர் ஆணையத்தின் மேசைக்கு முறைப்படி வரும்போது ஊடகங்கள் 400 மெகாவாட் என்ற எண்ணையும் ஆயிரக்கணக்கான கோடி ரூபாய் செலவையும் தலைப்பாக்கும். தமிழக எம்.பி.க்கள் தேட வேண்டிய பக்கம் வேறு. ஆகஸ்டில் 45.95 டிஎம்சி என்ற அட்டவணைக்கும் மின் உற்பத்தி அட்டவணைக்கும் முரண்பாடு வந்தால் எது வெல்லும், மதகைத் திறக்க ஆணையிடுபவர் யார், அந்த ஆணையை மீறினால் என்ன தண்டனை என்ற மூன்றும் எழுதப்பட்டுள்ள பக்கம் அது. அப்படி ஒரு பக்கம் அறிக்கையில் இல்லையென்றால், அதுவே எதிர்ப்புக்குப் போதுமான காரணம்.